ஆண்டறிக்கை 2024/25: சென் மொரிட்ஸ் போய்வந்த வருடம்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகசபை உறுப்பினர்களே, பெற்றோர்களே, பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்கூட்டத்தில் இருந்து இன்றுவரை எமது சங்கம் செய்தவற்றை இந்த அறிக்கையில் சமர்ப்பிக்கிறேன். வழமையான காரியங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். பொங்கல் விழா சிறப்பாக நடந்தது. மண்டபம் போதாமல் பலர் பின்னால் நின்றபடியே நிகழ்ச்சி பார்த்தார்கள். அடுத்த முறை பெரிய மண்டபம் எடுக்கவேண்டும். புதன்கிழமைத் தமிழ் வகுப்புகள் தடையில்லாமல் நடந்தன. கோடை விளையாட்டுப் போட்டி மழையால் ஒரு வாரம் தள்ளிப்போனது. நிர்வாகசபை ஒன்பது தடவை கூடியது. கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

மிகுதி நேரத்தை, பெப்ரவரியில் நாங்கள் சுவிஸின் மலையூரான சென் மொரிட்ஸுக்குப் போய்வந்த பனிச்சறுக்குச் சுற்றுலாவுக்கே எடுத்துக்கொள்கிறேன். இருபது வருடமாக இந்தச் சங்கத்தில் இருக்கிறேன். நாங்கள் செய்த காரியங்களில் என் மனதுக்கு மிக நெருக்கமானது இதுதான்.

சென்ற வருடக் கூட்டம் முடியும் நேரத்தில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று எழும்பிக் கேட்டது பலருக்கு நினைவிருக்கும். "ஸ்போர்ட்பீரியன் முடிஞ்சு பள்ளிக்கூடம் போனா ரீச்சர் எல்லாரிட்டயும் எங்க போனனீங்கள் எண்டு கேட்பா. நான் ஒவ்வொரு வருசமும் மாமி வீட்டை போனனான் எண்டுதான் சொல்லுறனான். நாங்கள் ஏன் ஒருக்காலும் மலைக்குப் போறேல்லை?" அந்த இடத்தில் எங்களில் ஒருவரிடமும் பதில் இருக்கவில்லை.

ஸ்போர்ட்பீரியன் என்ற இந்தக் குளிர்காலப் பள்ளி விடுமுறை எப்படி வந்தது என்று பிறகு தேடிப் பார்த்தேன். இரண்டாம் உலகப்போர் நேரம், நிலக்கரியை மிச்சம் பிடிப்பதற்காகக் குளிர்காலத்தில் பள்ளிக்கூடங்களைப் பூட்டியிருக்கிறார்கள். வீட்டில் அடைந்து கிடந்த பிள்ளைகளை மலைக்கு அனுப்பும் வழக்கம் அதற்குப் பிறகுதான் ஊன்றியது. ஆக இது பணக்காரருக்காக உண்டான விடுமுறை அல்ல. தட்டுப்பாட்டில் பிறந்தது.

எங்கே போவது என்று நிர்வாகசபையில் பேசியபோது, நாங்கள் இருக்கும் வின்ரத்தூரில் இருந்து கிட்டவாக இருக்கும் பனிச்சறுக்கு இடங்களான பிளும்சர்பெர்க், டொக்கன்பூர்க் இரண்டையும் நான்தான் முன்மொழிந்தேன். அப்போது எங்கள் மூத்த உறுப்பினர் ஒருவர் வேறு கதை சொன்னார். தொண்ணூறுகளில், அகதி விண்ணப்பம் கொடுத்துவிட்டுக் காத்திருந்த காலத்தில், அவர் சென் மொரிட்ஸ் இருக்கும் எங்காடின் பள்ளத்தாக்கில் ஒரு ஹோட்டலில் இரண்டு குளிர்காலம் கோப்பை கழுவியவர். மலையை சமையற்கட்டு யன்னலால் மட்டுமே பார்த்தவர். "போறதெண்டா அங்க போவம். பிள்ளையள் முன்வாசலால போகட்டும்" என்றார். அதன் பிறகு நான் டொக்கன்பூர்க் பற்றிக் கதைக்கவில்லை.

சென் மொரிட்ஸ் என்றால் அரச குடும்பங்களும் கோடீஸ்வரர்களும் போகிற ஊர் என்பது எல்லோருக்கும் தெரியும். 1928, 1948 என்று இரண்டு தடவை குளிர்கால ஒலிம்பிக் நடந்த இடம். 1864இல் யோகான்னஸ் பட்ருட் என்ற ஹோட்டல் உரிமையாளர், கோடையில் வந்து தங்கிய ஆங்கிலேயரிடம், குளிர்காலத்திலும் வாருங்கள், பிடிக்காவிட்டால் செலவை நான் தருகிறேன் என்று பந்தயம் கட்டியதில் இருந்தே எல்லாம் தொடங்கியது என்று அந்த ஊரில் சொல்வார்கள். ஆனால் உட்கார்ந்து கணக்குப் போட்டபோது ஒன்று விளங்கியது. அந்த ஊரில் விலை கூடியவை மூன்று: ஹோட்டல், மலைமேல் உணவகம், முழு மலைக்குமான லிஃப்ட் சீட்டு. இந்த மூன்றையும் தவிர்த்தால், மிச்சமுள்ள பனியும் வெயிலும் உறைந்த ஏரியும் காட்டுப்பாதையும் எங்களுக்கும் அவர்களுக்கும் ஒன்றுதான்.

ஹோட்டலுக்குப் பதிலாக ஊரின் கீழ்ப்பகுதியான பாட் என்ற இடத்தில் உள்ள இளையோர் விடுதியை எடுத்தோம். பெயர்தான் இளையோர் விடுதி. குடும்பங்களுக்கு நாலு கட்டில் அறைகள் உண்டு. காலையும் இரவும் சாப்பாடு அங்கேயே. குறுக்குநாட்டுச் சறுக்குப் பாதையும் கிட்ட. பெப்ரவரிக்கு முந்திய ஏப்ரலிலேயே அறைகளைப் பதிந்துவிட்டோம். பிந்தியிருந்தால் கிடைத்திருக்காது.

காசு சேர்த்த விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். எங்கள் அம்மாமார் ஊரில் பிடித்த சீட்டு மாதிரித்தான், ஆனால் ஏலமும் கழிவும் இல்லை. 2024 மார்ச் முதல் 2025 ஜனவரி வரை பதினொரு மாதம், ஒவ்வொரு குடும்பமும் மாதம் 120 பிராங் கட்டியது. ஆக 1,320 பிராங். ஒன்பது குடும்பங்கள், 17 பெரியவர்கள், 21 பிள்ளைகள். முழுத்தொகை கட்ட வசதிப்படாத இரண்டு குடும்பங்களுக்குச் சங்க நிதியில் இருந்து கொடுத்தோம். யார் என்பது பொருளாளருக்கும் எனக்கும் மட்டும் தெரியும். அது அப்படியே இருக்கும்.

நாலு பேர் கொண்ட குடும்பத்துக்கு நாலு இரவுக்கு வந்த சராசரிச் செலவு 1,480 பிராங். விடுதியும் சாப்பாடும் 940. ரயில் 150, ஏனென்றால் பெரியவர்களுக்கு நாள் சீட்டை முற்கூட்டியே வாங்கினோம், பிள்ளைகள் யூனியர் அட்டையில் பெற்றோருடன் வந்தார்கள். பயிற்சி லிஃப்ட் 190. ஸ்கீ, சப்பாத்து வாடகை 130. சறுக்குவண்டியும் சில்லறையும் 70. மாதச் சீட்டில் சேர்த்ததற்கு மேலாக ஒவ்வொரு குடும்பமும் 160 பிராங் மட்டுமே போட்டது. சிறிய தொகை என்று நான் சொல்லமாட்டேன். முதியோர் இல்லத்திலும் சமையற்கட்டிலும் வேலை செய்கிற எங்களுக்கு 1,480 பிராங் எவ்வளவு நேர உழைப்பு என்று தெரியும். ஆனால் ஒரு வருடத்தில் பிரித்துக் கட்டினால் கட்டக்கூடிய தொகை.

வாடகை 130க்குள் அடங்கியதற்குக் காரணம் பிள்ளைகளின் சாமான். ஒக்ரோபர் மாதத்திலேயே சீசன் முழுவதற்குமாக வாடகைக்கு எடுத்தால், மலையில் நாள் கணக்கில் எடுப்பதைவிட நன்றாக மலிவு. உடுப்புகளை, பாவித்த சாமான் விற்கும் புரோக்கிக் கடைகளிலும், வளர்ந்துவிட்ட பிள்ளைகளின் வீடுகளிலும் சேகரித்தோம். பொதுக்கூட மேசையில் குவித்து வைத்து அளவு பார்த்து எடுத்த அந்தச் சனிக்கிழமையே ஒரு விழா மாதிரி இருந்தது. குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கு காரித்தாஸ் தொண்டு நிறுவனம் கொடுக்கும் குல்ட்டூர்லேகி கழிவு அட்டை, வேலைத்தலத்தில் கழிவு விலைக்குக் கிடைக்கும், விடுமுறைச் செலவுக்கான ரேக்கா காசு இரண்டையும் எங்கள் ஆட்கள் பலர் கேட்டு எடுப்பதில்லை. வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை. தயவுசெய்து கேளுங்கள்.

திங்கள் காலை சூரிச்சில் ஏறி, கூர் நகரில் மாறி, ஆல்புலா பாதையில் ஓடும் சிவப்பு ரயிலில் போனோம். அந்த ரயில்பாதை 2008இல் யுனெஸ்கோ மரபுரிமைச் சொத்தாக அறிவிக்கப்பட்டது. 65 மீற்றர் உயரமான லாண்ட்வாசர் பாலம் வளைந்து நேரே மலைக்குள் நுழையும்போது பெட்டி முழுக்க பிள்ளைகளின் சத்தம். பெர்கூன் என்ற கிராமத்துக்கு மேலே பாதை சுற்றிச் சுற்றி ஏறுகிறது. இப்போது கடந்த பாலம் கொஞ்ச நேரத்தில் காலடியில் தெரிகிறது. 2024 ஜூனில் திறந்த புதிய சுரங்கத்தால் வெளியே வந்தால் வேறு உலகம், வேறு மொழி. "அலேக்ரா" என்று எழுதியிருந்தது. அது ரொமாஞ் மொழி வணக்கம் என்று ரயில் ஊழியர் சொன்னார். சில பத்தாயிரம் பேரே பேசும் மொழி. 1938 முதல் இந்த நாட்டின் தேசிய மொழிகளில் ஒன்று. அங்குள்ள பிள்ளைகள் அதைப் பள்ளியில் படிக்கிறார்கள். எங்கள் தமிழ் வகுப்பு ஆசிரியை அந்த இடத்திலேயே பிள்ளைகளுக்கு அதை எடுத்துச் சொன்னதற்கு நன்றி.

முதல் நாள் நாங்கள் ஒரு பிழை விட்டோம். அதைப் பதிவு செய்யவேண்டும். நாலு குடும்பங்கள் ஆசையில் கொர்விலியா மலைக்கு முழு மலைச் சீட்டு வாங்கிவிட்டார்கள். அந்தச் சீட்டின் விலை நாளுக்கு நாள் மாறும், முந்தியே வாங்கினால் குறையும் என்பதும் அப்போது எங்களுக்குத் தெரியாது. 2,486 மீற்றர் உயரத்தில், காலில் ஸ்கீயுடன், கீழே பார்த்துக்கொண்டு பிள்ளைகள் அழுதார்கள். ஸ்கீயைத் தோளில் வைத்துக்கொண்டு திரும்பி இறங்கும் ரயிலில் வந்தார்கள். சுட்டிக்காட்டாமல் விட்டது ஏற்பாட்டாளர்களாகிய எங்கள் தவறு. ஸ்கீ தெரியாதவருக்கு முழு மலைச் சீட்டு வேண்டவே வேண்டாம்.

மறுநாள் ஒரு நிலையம் தள்ளி செலரீனாவுக்குப் போனோம். அங்கே புரோவுலேர் என்ற பயிற்சிச் சரிவு, தட்டையாக, வெயில் பட, பயமில்லாமல் இருந்தது. எங்கள் இளையோரில் இருவர் இளையோர் விளையாட்டுக்கான அரச திட்டமான யூகென்ட் ஊன்ட் ஸ்போர்ட்டில் பயிற்றுநர் பயிற்சி முடித்தவர்கள். தங்கள் வேலையில் விடுமுறை எடுத்து வந்து மூன்று நாளும் கற்றுக்கொடுத்தார்கள். முதலில் விழப் பழக்கினார்கள், பிறகு எழும்ப. அதன் பிறகுதான் முன்நுனியைச் சேர்த்து பின்னைப் பிரித்து நிற்பது, அதாவது பிள்ளைகள் 'பீட்சா' என்று சொல்லும் நிலை. மத்தியானத்துக்குள் பதினாறு பிள்ளைகள் தனியே நின்றார்கள். அம்மாமார் ஆறு பேர் குறுக்குநாட்டுச் சறுக்குக்குப் போனார்கள். எங்காடினில் அதற்கு 200 கிலோமீற்றருக்கு மேல் பாதை உண்டு, லிஃப்ட் தேவையில்லை, தட்டை நிலம். சேலையோடு நல்லூர் வீதி சுற்றின கால்கள் இவை என்று ஒரு அக்கா சொல்லிக்கொண்டே போனார்.

குளிரைப் பற்றி ஒரு வார்த்தை. அந்தப் பள்ளத்தாக்கின் விடியற்காலைக் குளிர் எங்கள் ஊர்க் குளிர் அல்ல. நூல் கையுறை பத்து நிமிடத்தில் நனைந்துவிடும். பஞ்சு மேசும் ஜீன்ஸும் ஆகாது. மூன்று பிள்ளைகள் இதனால் முதல் நாள் பாதியிலேயே விடுதிக்குத் திரும்பினார்கள். அடுத்த முறை, புறப்படுமுன் ஒவ்வொரு பிள்ளையின் பையையும் பார்த்துத்தான் ஏற்றுவோம்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு ரோல்ஸ், கட்லட், மீன்பாண் எல்லாம் வீட்டிலிருந்து கொண்டுபோனோம். போத்தலில் இஞ்சித் தேநீர். ஓர் உணவகத்தின் வெளி மேசையில் இருந்து சாப்பிட்டபோது உரிமையாளர் வந்து எழும்பச் சொன்னார். அவர் சொன்ன தொனி சரியில்லை, பிள்ளைகள் வாடிப்போனார்கள். ஆனால் அது அவருடைய மேசை. அடுத்த நாள் முதல் பொது வாங்குகளில் இருந்தோம்.

புதன்கிழமைதான் எல்லோருக்கும் பிடித்த நாள். ரயிலில் திரும்பி பிரேடாவுக்குப் போய், அங்கிருந்து பெர்கூன் வரை 6 கிலோமீற்றர் சறுக்குவண்டி. குளிர்காலத்தில் பூட்டிக்கிடக்கும் ஆல்புலா வீதியையே சறுக்குப் பாதையாக்கி விடுகிறார்கள். கீழே வந்ததும் ரயிலேறித் திரும்ப மேலே. ஸ்கீ தெரியவேண்டியதில்லை, வயது தேவையில்லை. கோப்பை கழுவிய அந்த அண்ணர் பேரப்பிள்ளையை முன்னால் இருத்திக்கொண்டு ஐந்து தடவை இறங்கினார். இரண்டு குளிர்காலம் அங்கே இருந்தும் பனியில் ஒருதரமும் சறுக்கவில்லை என்றார். வேலை, அறை, வேலை.

வியாழன் பின்னேரம் அவர் எங்களை அந்த ஹோட்டலின் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். பின்பக்க வாசலைக் காட்டினார். பிறகு முன்பக்கத்தால் உள்ளே போய் அவர் குடும்பத்துக்கும் எனக்கும் கொக்கோ வாங்கித் தந்தார். அந்தச் செலவு சங்கக் கணக்கில் இல்லை. திரும்பும் வழியில் செலரீனா வரை, பொப் என்ற பந்தயச் சறுக்குவண்டிகள் ஓடும் ஒலிம்பியா பொப் பாதையின் ஓரமாக நடந்தோம். 1904 முதல் ஒவ்வொரு குளிர்காலமும் பனியும் தண்ணீரும் கொண்டே அதைக் கட்டுகிறார்கள், இளவேனிலில் கரைந்துபோகும். கட்டுவதற்கு இத்தாலியின் தென் தீரோலில் இருந்து தொழிலாளர் வருவார்கள் என்று படித்ததைச் சொன்னேன். அண்ணர் நின்று அந்தப் பனிச்சுவரைக் கையால் தடவிப் பார்த்தார்.

காயம் ஒன்றுதான்: ஒரு பிள்ளைக்கு மணிக்கட்டுச் சுளுக்கு. தலைக்கவசம் எல்லோரும் போட்டிருந்தார்கள். ஹெலிகொப்டரில் வந்து மீட்கும் றேகா அமைப்பின் ஆதரவாளர் அட்டையைக் குடும்பங்கள் எடுத்துவைப்பது நல்லது.

பெற்றோருக்கு இன்னொரு விடயம். பள்ளிக்கூட ஸ்கீ லாகர் என்ற பனிச்சறுக்கு முகாமுக்குக் காசில்லை என்று பிள்ளைகளை மறிக்கவேண்டாம். கட்டாய முகாம்களுக்குப் பெற்றோரிடம் சாப்பாட்டுக்கான தொகையை, அதாவது நாளுக்கு 10 முதல் 16 பிராங் வரையே கேட்கலாம் என்று 2017 டிசம்பரில் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. பெண்பிள்ளைகளை மறிப்பவர்களுடன் நான் தனியே கதைக்க விரும்புகிறேன்.

2026 பெப்ரவரிப் பயணத்துக்கான மாதச் சீட்டு ஏப்ரலில் தொடங்குகிறது. இந்த முறை பன்னிரண்டு குடும்பங்களுக்கு இடம் கேட்டிருக்கிறோம். கற்றுக்கொடுத்த இரு இளையோருக்கும், உடுப்புச் சேர்த்த அக்காமாருக்கும், ஒவ்வொரு மாதமும் வீடு வீடாகப் போன பொருளாளருக்கும் சங்கத்தின் நன்றி. படிவங்கள் வாசல் மேசையில் இருக்கின்றன. பெயரை இன்றே எழுதுங்கள். பிள்ளைகளின் சப்பாத்து அளவை மட்டும் ஒக்ரோபரில் தாருங்கள். இப்போது எழுதினால் அதற்குள் கால் வளர்ந்துவிடும்.

செயலாளர்