எஸ்ஜிஓடி ஏறினால் கல்லீரல்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூட்டுவலி பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையை வாசித்தேன். பெரிதாக வலியே இல்லாமல் பலம் மட்டும் குறைந்துகொண்டே போகும் டெர்மட்டோமயோசைட்டிஸ் என்ற தசை நோயும் உண்டு. அதைப் பற்றியும் எழுதுங்கள். என் மதினி பட்ட பாட்டைக் கூட இருந்து பார்த்தவள் என்பதால் கேட்கிறேன்.

மதினி பீடி சுற்றுகிறவர். சொளவை மடியில் வைத்து உட்கார்ந்தால் மத்தியானம்தான் எழும்புவார். போன ஆடியில் ஒரு நாள் எழும்ப முடியவில்லை. கையைத் தரையில் ஊன்றி, கதவு நிலையைப் பிடித்து, அப்புறம்தான் நின்றார். விரல்களில் ஒரு குறையும் இல்லை. இலை வெட்டினார், தூள் போட்டுச் சுற்றினார். தலை சீவத்தான் கையைத் தூக்க முடியவில்லை. பீடி சுற்ற முடிகிறது, குடம் தூக்க முடியாதா என்று வீட்டிலேயே பேச்சு வந்தது. இடுப்பையும் தோளையும் ஒட்டிய தசைகளைத்தான் இந்த நோய் முதலில் பிடிக்கும் என்று எங்களுக்குத் தெரியாது.

ரத்தத்தில் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி என்று கல்லீரலுக்காகப் பார்க்கும் இரண்டு நொதிகளும் ஏறியிருந்தன. உடனே கல்லீரல் என்று முடிவாயிற்று. மாத்திரை, கீழாநெல்லி, பத்தியம் என்று நாலு மாதம் போனது. அந்த இரண்டும் தசையிலும் உண்டு, தசை சிதைந்தாலும் ஏறும் என்று யாரும் சொல்லவில்லை.

கடைசியில் பாளையங்கோட்டையில் ஒரு டாக்டர், ரிப்போர்ட்டைப் பிரிக்கும் முன்பே மதினியின் கையைத் திருப்பிப் பார்த்தார். விரல் முட்டிகள் மேல் கருத்த தடிப்பு, கண் இமைகளில் கருநீலம். புகையிலைத் தூள் அலர்ஜி என்று நாங்கள் களிம்பு தடவிக்கொண்டிருந்தோம். வெள்ளைத் தோலில் சிவப்பாகவோ ஊதாவாகவோ தெரிவது நம் நிறத்தில் இப்படிக் கருத்துத்தான் தெரியுமாம். தசை சிதைந்தால் ரத்தத்தில் ஏறும் சிபிகே என்ற நொதிக்கு டெஸ்ட் எடுத்தார்கள். சுமார் 200-க்குள் இருக்க வேண்டியது 6,000-ஐத் தாண்டியிருந்தது. டெர்மட்டோமயோசைட்டிஸ். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தசையையும் தோலையும் தாக்குகிற நோய்.

இந்த நோய் இருந்தும் சிலருக்கு சிபிகே ஏறாமலும் இருக்குமாம். தைராய்டு குறைந்தாலும், கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையாலும் அது ஏறுமாம். அதனால் தோலையும் பார்த்து, தசைக்கான மற்றப் பரிசோதனைகளையும் செய்துதான் உறுதி செய்தார்கள். நுரையீரலுக்கு ஸ்கேன் எடுத்தார்கள். புற்றுநோய் இருக்கிறதா என்றும் தேடினார்கள். அதைக் கேட்டு வீடே அழுதது. வயது வந்தவர்களுக்கு இது வந்தால் சிலருக்குள் புற்று ஒளிந்திருக்கும், பார்க்காமல் விடக் கூடாது என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். மதினிக்கு இல்லை.

இப்போது ஸ்டீராய்டு மாத்திரையும், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை வாரம் ஒரு முறையும் சாப்பிடுகிறார். தானாக எழும்புகிறார். குடம் இன்னும் நான்தான் தூக்குகிறேன்.

தரையில் உட்கார்ந்து வேலை பார்க்கும் பெண்கள் எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு உண்டு. "கை ஊன்றாமல் எழும்ப முடிகிறதா?" என்று டாக்டர்கள் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். எஸ்ஜிஓடி ஏறி, உடம்பில் பலமும் இல்லை என்றால் கல்லீரல் மருந்தோடு நிறுத்தாமல் சிபிகே-யும் எழுதிக் கொடுக்க வேண்டும். இதை உங்கள் பத்திரிகையில் பெரிய எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
முக்கூடல்