அந்தச் சுவரொட்டி வாசகத்தை மாற்ற வேண்டும்: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு தாயின் திறந்த மடல்

மதிப்பிற்குரிய மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஆகஸ்டில் தாய்ப்பால் வாரத்தின்போது, ஒரு மருத்துவமனையில், இளைப்பு கண்ட என் மகனை மடியில் வைத்து நெபுலைசர் முகமூடியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். எதிர்ச் சுவரில் ‘தாய்ப்பால் குடித்த குழந்தைக்கு ஆஸ்துமா வராது’ என்று எழுதியிருந்தது. அவனுக்கு ஆறு மாதம் வரை தண்ணீர்கூடக் கொடுக்காமல் தாய்ப்பால் மட்டுமே புகட்டியவள் நான். இரண்டு வயது வரை நிறுத்தவுமில்லை. அந்த வாசகத்தைப் படித்துவிட்டு என் மாமியார் என்னைப் பார்த்த பார்வைதான் இந்த மடலை எழுத வைத்தது.

அந்த வாசகம் சொல்லுமளவுக்கு உறுதியான சான்று இல்லை. பெலாரஸ் நாட்டில் 1996-97ல் 31 மகப்பேறு மருத்துவமனைகளில் பிறந்த 17,000க்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கொண்டு ஒரு பெரிய ஆய்வு நடந்தது. தாய்ப்பாலூட்டச் சிறப்பு ஊக்கம் தந்த மருத்துவமனைகளின் குழந்தைகளுக்கு முதல் ஆண்டில் வயிற்றுப்போக்கும் கரப்பான் (எக்சிமா) என்ற தோல் அரிப்பு நோயும் குறைந்தன. ஆனால் ஆறரை வயதில் பார்த்தபோது ஆஸ்துமாவில் வேறுபாடு தென்படவில்லை. நியூசிலாந்தின் டுனிடின் நகரில் பிறந்தவர்களை 26 வயது வரை தொடர்ந்து 2002ல் வெளியான ஆய்விலோ, தாய்ப்பால் குடித்தவர்களிடமே ஆஸ்துமா கூடுதலாகக் காணப்பட்டது. இதற்கு மாறாக, முதல் சில ஆண்டுகளில் வரும் இளைப்பு (வீசிங்) தாய்ப்பாலால் குறைகிறது என்று சொல்லும் ஆய்வுகளும் பல உண்டு. பச்சிளம் பருவத்து இளைப்பு பெரும்பாலும் வைரஸ் சளியால் வருவது, பள்ளி வயதில் நிலைக்கும் ஒவ்வாமை ஆஸ்துமா வேறு வகை என்பதை நினைத்தால் இந்த முரண் ஓரளவு விளங்கும். குடும்பத்தில் ஆஸ்துமா இருக்கும் தாய்மார்கள் அஞ்சி நெடுநாள் பாலூட்டுவதும் கணக்கைக் குழப்பக்கூடும்.

தாய்ப்பாலின் பெருமையை நான் குறைக்கவில்லை. வயிற்றுப்போக்கிலிருந்தும் நிமோனியாவிலிருந்தும் அது காக்கிறது என்பதே போதுமான காரணம். அதற்கு மேல் ஒரு மிகைவாக்கைச் சேர்த்தால், வாக்கு பொய்க்கும் வீட்டில் பழி தாய் மீதுதான் விழுகிறது. அந்த ஏமாற்றத்தில் அடுத்த பிள்ளைக்கு டப்பா பாலை நாடுகிறவர்களும் இருக்கிறார்கள். ‘ஒவ்வாமை குறைக்கும்’ என்று விற்கப்படும் சிறப்புப் பால் மாவுகளைப் பற்றியும் எச்சரிக்கை தேவை: இத்தகைய மாவு கரப்பானைத் தடுக்கும் என்று 1989ல் வெளியிட்ட ஓர் ஆய்வை பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் 2015ல் திரும்பப் பெற்றுக்கொண்டது. பால் மாவு விளம்பரத்தையும் இலவச மாதிரிகளையும் 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. அந்தச் சட்டம் ஒவ்வொரு பிரசவ வார்டு வரையிலும் எட்ட வேண்டும். காலையில் தெருவில் கழுதையை ஓட்டிவந்து, ‘ஒரு சங்கு கழுதைப்பால் குடித்தால் இளைப்பே அண்டாது’ என்று விற்பவரிடம் கைக்குழந்தையை நீட்டும் பாட்டிமாரை எந்தச் சட்டம் தடுக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. அதைக் கிராம சுகாதாரச் செவிலியரின் வாய்ச்சொல்தான் செய்ய முடியும்.

ஆகவே, வாசகத்தை ‘தாய்ப்பால் முதல் ஆண்டுகளின் சளி, இளைப்பைக் குறைக்க உதவலாம், ஆஸ்துமா வந்தால் அது தாயின் குறையன்று’ என்ற பொருளில் மாற்றுமாறு வேண்டுகிறேன். அதே சுவரொட்டியில், பீடி, சிகரெட் புகையும் விறகடுப்புப் புகையும் கொசுவத்திப் புகையும் குழந்தை படுக்கும் அறைக்குள் வரக்கூடாது என்ற ஒரு வரிக்கும் இடம் கொடுங்கள். புகையைப் பற்றிய பேச்சு ஆண்களையும் சேர்த்துக் கேட்க வைக்கும். பாலைப் பற்றிய பேச்சைத் தாய் மட்டுமே கேட்கிறாள். தேசியக் குடும்ப நல ஆய்வின்படி (2019-21) நம் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 45 விழுக்காடு பிரசவங்கள் அறுவை மூலம் நடந்தன. முதல் ஒரு மணி நேரத்துக்குள் பாலூட்டுங்கள் என்று அந்தத் தாய்மார்களுக்குச் சுவரில் எழுதிவைப்பதைக் காட்டிலும், குழந்தையை மார்பில் பொருத்திக் கொடுக்க ஒரு செவிலியரை அருகில் நிறுத்துவது பயன் தரும்.

மருத்துவர் எழுதிக்கொடுத்த இன்ஹேலரை ‘பழக்கமாகிவிடும்’ என்று சொல்லி ஐந்து மாதம் எங்கள் வீட்டில் பரணில் வைத்திருந்தோம். அந்த அச்சம் வேண்டாம் என்றும் ஒரு வரி சேர்க்க முடியுமா என்று கேட்டு முடிக்கிறேன்.

இப்படிக்கு,
இரண்டு பிள்ளைகளின் தாய்