வேண்டாம் என்றாவது சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய இலக்கிய இதழாசிரியர்களுக்கு,

வணக்கம். போன ஆடியில், தீபாவளி மலருக்கென்று உங்களில் ஒருவருக்குச் சிறுகதை அனுப்பினேன். மலர் வந்தது. தீபாவளி போய்ப் பொங்கலும் போனது. தொலைபேசியில் கேட்டால், "பரிசீலனையில இருக்கும்மா" என்கிறார்கள். எந்த இதழ் என்று சொல்லப்போவதில்லை. உங்களில் பலருக்கும் 'நம்மைத்தான் சொல்கிறாளோ' என்று தோன்றும்.

கதையோடு உறுதிமொழி கேட்கிறீர்கள்: சொந்தக் கற்பனை, தழுவல் அல்ல, வேறு எந்த இதழின் பரிசீலனையிலும் இல்லை. கையெழுத்துப் போட்டுத் தருகிறோம். அதற்கப்புறம் அந்தக் கதையை வேறெங்கும் அனுப்ப முடியாது, திருத்தவும் கை வராது. நான் கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதுகிறவள். வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு கைபேசியில்தான் என் எழுத்து. அனுப்பிய கதையைத் திறந்தால் முதல் பத்தியே பல்லிளிக்கிறது. பெட்டி ஒட்டுகிறவள் இப்படியா பேசுவாள்? கடைசி வரி இல்லாமலே முடித்திருக்கலாமோ? படித்துவிட்டுத் தள்ளினார்களா, திறக்கவே இல்லையா? இந்த யோசனையில் அடுத்த கதை நாலு வரி தாண்ட மாட்டேன் என்கிறது.

திட்டுக்குப் பயந்தவள் இல்லை நான். எங்கள் ஊர் வாசகர் கூட்டத்தில் ஒரு பெரியவர், "இது கதை இல்லம்மா, மினிட்ஸ் புக்" என்றார், எல்லோர் முன்னிலையிலும். வீடு வரும்வரை அவரோடு மனசுக்குள் சண்டை போட்டேன். சொன்னதில் பாதியை எடுத்துக்கொண்டேன், பாதியைத் தள்ளினேன், எழுதுவதை விடவில்லை. குட்டுப்பட்டாலும் மோதிரக் கையால் குட்டுப்பட வேண்டும் என்பார்கள். மோதிரம் உங்கள் கையில் இருக்கிறது. குட்டத்தான் மாட்டேன் என்கிறீர்கள்.

வேண்டாம் என்றாவது சொல்லுங்கள். முன்பெல்லாம் தபால்தலை ஒட்டிய உறையை உள்ளே வைத்து அனுப்பினால், 'வருந்துகிறோம்' என்ற அச்சுச் சீட்டோடு கதை வீடு திரும்பும். இப்போது அந்தத் தபால்தலைச் செலவுகூட இல்லை. ஆளில்லை, பணமில்லை என்பீர்கள், தெரியும். 1959இல் 'எழுத்து' இதழைத் தொடங்கிய சி.சு. செல்லப்பா, புத்தக மூட்டையைச் சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவர். அதனால்தான் சன்மானம் பற்றி நான் பேச்சே எடுக்கவில்லை. எங்கள் பக்கத்து இடைசெவல் ஊர் எழுத்தாளர் கி.ரா. (கி. ராஜநாராயணன்) 1923இல் பிறந்தவர், அவருடைய கதை 'சரஸ்வதி' இதழில் வந்தது 1958இல். முப்பத்தைந்து வயது விவசாயி ஒருவர் அனுப்பியதை அங்கே யாரோ பிரித்துப் படித்திருக்கிறார்கள்.

எனக்கும் உங்களிடமிருந்து மின்னஞ்சல் வராமல் இல்லை. சந்தா முடியப்போகிறது என்ற நினைவூட்டல் நாள் தவறாமல் வருகிறது. புத்தகக் காட்சி மேடைகளில், புதியவர்கள் எழுத வருவதில்லை என்று வேறு வருத்தப்படுகிறீர்கள். வந்துவிட்டோம் ஐயா, உங்கள் இன்பாக்ஸில்தான் உட்கார்ந்திருக்கிறோம்.

கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். மூன்று மாதத்துக்குள் ஒரு பதில். காரணம் வேண்டாம், ஆறுதல் வேண்டாம். அது முடியாதென்றால், 'மூன்று மாதத்தில் தகவல் இல்லையெனில் வேறு இதழுக்கு அனுப்பலாம்' என்று அந்த உறுதிமொழிக்குக் கீழே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்; அதிலும் கையெழுத்துப் போடுகிறோம். அடுத்த கதையைச் சித்திரையில் அனுப்புவேன். தயவுசெய்து அதற்குள் முந்தைய கதைக்கு ஒரு முடிவு சொல்லுங்கள்.

மரியாதையுடன்,
உங்கள் சந்தாதாரர்