பூட்டி வைக்க வேண்டிய மாத்திரை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தேர்வு முடிவு வந்த மறுநாள், ‘மாத்திரை தின்ற மாணவி மருத்துவமனையில் அனுமதி’ என்று நான்கு வரிச் செய்தி போட்டிருந்தீர்கள். அந்த நான்கு வரிக்குள் என்னென்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். போன வருடம் என் மகள் அப்படிக் கிடந்தாள். அவளுக்கு அப்போது வயது 16.

என் அண்ணன் மனச்சிதைவு நோய்க்கு 11 வருடமாக ரிஸ்பெரிடோன் சாப்பிடுகிறார். அந்த மாத்திரை இருப்பதால்தான் தினமும் விடியற்காலையில் டீக்கடை திறக்கிறார். மாதாமாதம் வாங்கி வருவது டி.வி.க்குப் பக்கத்தில் பிஸ்கட் டப்பாவில் கிடக்கும். அதிலிருந்துதான் எடுத்திருக்கிறாள்.

தூங்குகிறாள் என்றே நினைத்தோம். சாயங்காலம் எழுப்பப் போனால் கழுத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. கண் மேலே செருகி நின்றது. நாக்கு புரளவில்லை. வலிப்பு என்றார் ஒருவர், காத்துக்கருப்பு என்றார் இன்னொருவர். பக்கத்து வீட்டு அக்கா உப்புத் தண்ணீர் கரைத்துக்கொண்டு ஓடி வந்தார். நல்ல வேளை, கொடுக்கவில்லை. அரை மயக்கத்தில் வாந்தி எடுத்தால் அது நுரையீரலுக்குள் போய்விடும் என்று டாக்டர் பிறகு சொன்னார்.

முதலில் போன தனியார் மருத்துவமனையில், ‘இது போலீஸ் கேஸ்’ என்று வாசலோடு திருப்பிவிட்டார்கள். உயிரைக் காப்பாற்றுவது முதலில், போலீஸ் நடைமுறை அப்புறம் என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லியிருக்கிறது. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகத்தான் கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். அன்று இதெல்லாம் தெரிந்திருந்தால் அந்த வாசலை விட்டு நகர்ந்திருக்க மாட்டேன்.

அரசு மருத்துவமனையில் டூட்டி டாக்டர் கேட்ட முதல் கேள்வி: “அட்டை எங்கே?” காலி அட்டையை என் மனைவி முந்தானையில் முடிந்து வந்திருந்தாள். அதைப் பார்த்ததும், இது இந்த மாத்திரையால் வந்த இழுப்பு என்று சொல்லி, அதைத் தளர்த்தும் ப்ரோமெத்தசின் ஊசி போடச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் கழுத்து மெல்ல மெல்ல நேரே திரும்பியது. கண் இறங்கி என்னைப் பார்த்தது.

அதோடு முடியவில்லை. இந்த மாத்திரைக்கென்று முறிவு மருந்து கிடையாதாம். சலைன் ஏற்றி, மூச்சையும் ரத்த அழுத்தத்தையும் கவனித்து, உடம்பே மருந்தை வெளியேற்றும் வரை காப்பாற்றி வைத்திருப்பதுதான் சிகிச்சை. இதயத் துடிப்பைக் கெடுக்கக் கூடியது என்பதால் ராத்திரி முழுக்கத் திரும்பத் திரும்ப ஈ.சி.ஜி. எடுத்தார்கள். தெளிந்துவிட்டாளே, கூட்டிப் போகட்டுமா என்று கேட்டதற்கு டாக்டர் கோபப்பட்டார். மறுநாள் மனநல மருத்துவர் அவளோடு தனியாக உட்கார்ந்து பேசினார். எங்களிடம் சொல்லாததையெல்லாம் அவரிடம் சொல்லியிருக்கிறாள்.

அண்ணன்தான் உடைந்துபோனார். “என் மாத்திரைதானே? இனி எனக்கு அது வேண்டாம்” என்று நிறுத்தப் பார்த்தார். என் மகளே போய் அவர் கையைப் பிடித்து, “சாப்பிடுங்க பெரியப்பா” என்று சொன்ன பிறகுதான் வாயில் போட்டார்.

மாத்திரை கொடுக்கும் இடத்தில், ‘வீட்டில் பிள்ளைகள் இருந்தால் பூட்டி வையுங்கள்’ என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 11 வருடத்தில் எங்களிடம் யாரும் சொன்னதில்லை. நீங்களும் இப்படிச் செய்தி போடும்போது, அதன் கீழே 108-ஐயும், டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-ஐயும் கண்ணில் படும்படி போடுங்கள்.

பெயர் வெளியிட விரும்பாத ஒரு தந்தை,
விருதுநகர் மாவட்டம்