முழுத்தொகை கேட்ட ஸ்டாண்டிங் ஓடர் 5 வீதமாகப் பதியப்பட்டமை: அறவிட்ட வட்டியைத் திருப்பித் தரக் கோரல்

கொழும்பு 06
மே 20

முகாமையாளர்,
கடனட்டைப் பிரிவு,
தலைமை அலுவலகம்,
கொழும்பு.

ஐயா / அம்மணி,

என் கடனட்டை நிலுவையை ஒவ்வொரு மாதமும் என் சேமிப்புக் கணக்கிலிருந்து தானாகக் கழிப்பதற்கான நிலையான கட்டளைப் (ஸ்டாண்டிங் ஓடர்) படிவத்தைக் கடந்த ஜனவரியில் தங்கள் வெள்ளவத்தைக் கிளையில் கொடுத்தேன். அந்தப் படிவத்தில் இரண்டு கட்டங்கள் உள்ளன. ஒன்று ‘முழுத்தொகை 100%’, மற்றது ‘ஆகக்குறைந்த தொகை 5%’. நான் புள்ளடி போட்டது முதலாவதில். கிளை முத்திரை குத்தித் தந்த பிரதி என்னிடம் இருக்கிறது. தங்கள் கணினியில் பதியப்பட்டிருப்பதோ இரண்டாவது.

மார்ச் 15 மாதாந்தக் கூற்றில் என் நிலுவை 114,500 ரூபா. பெப்ரவரி 18 இல் வாங்கிய சலவை இயந்திரம் 84,000, மார்ச் 2 இல் மளிகைச் சாமான் 18,500, மார்ச் 10 இல் காப்புறுதிக் கட்டுப்பணம் 12,000. கட்ட வேண்டிய கடைசித் திகதி ஏப்ரல் 5. அன்று சேமிப்புக் கணக்கில் 240,000 ரூபாவுக்கு மேல் கிடந்தும் கழிக்கப்பட்டது 5,725 ரூபா மட்டுமே. அன்று வந்த குறுஞ்செய்தி ‘கொடுப்பனவு கிடைத்தது, நன்றி’ என்றதே தவிர, மிச்சம் 108,775 ரூபா கிடக்கிறது என்று சொல்லவில்லை. புத்தாண்டு விடுமுறை முடிந்து வந்த ஏப்ரல் 15 கூற்றில்தான் விஷயம் தெரிந்தது. வட்டி 4,471 ரூபா 40 சதம். எந்தத் தொகைக்கு, எத்தனை நாளுக்கு என்ற விபரமில்லாமல் ஒரே வரி.

விபரத்தை நானே போட்டுப் பார்த்தேன். கூற்றில் அச்சிட்டிருக்கும் ஆண்டு வட்டி 26 வீதம். ஒரு சதமும் குறையாமல் கட்டினால்தான் வட்டியில்லாக் காலம் நிற்கும். கொஞ்சம் குறைந்தாலும், மிஞ்சிய தொகைக்கு மட்டுமல்ல, வாங்கிய எல்லாவற்றுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். அந்தக் கணக்கில் 84,000 ரூபாவுக்கு ஏப்ரல் 5 வரை 46 நாள், 2,752.44. 18,500 ரூபாவுக்கு 34 நாள், 448.05. 12,000 ரூபாவுக்கு 26 நாள், 222.25. அதன்பின் 108,775 ரூபாவுக்கு 10 நாள், 774.84. மார்ச் 22 இல் வாங்கிய 9,600, ஏப்ரல் 4 இல் வாங்கிய 14,000 ஆகிய இரண்டும் அடுத்த கூற்றுக்குரியவை. ஆனாலும் பழைய பாக்கி நின்றதால் அவற்றின் வட்டியில்லாச் சலுகையும் போய், ஏப்ரல் 15 வரை முறையே 164.12, 109.70. கூட்டினால் சரியாக 4,471.40. ஆகவே தங்கள் கணக்கில் பிழையில்லை. தொடக்கத்தில் பதிந்த 5 என்ற இலக்கத்தில்தான் பிழை.

ஏப்ரல் 18 இல் மொத்த நிலுவை 136,846 ரூபா 40 சதத்தையும் கட்டித் தீர்த்தேன். அதன்பிறகு அட்டையைத் தொடவேயில்லை. அப்படியிருந்தும் மே 15 கூற்றில் 292.44 ரூபா வட்டி வந்திருக்கிறது. ஏப்ரல் 15 இலிருந்து 18 வரையான மூன்று நாளுக்குரிய எச்ச வட்டி அது. கூற்றில் உள்ளதை முழுதாகக் கட்டினாலும் கூற்றுத் திகதிக்கும் கட்டிய திகதிக்கும் இடையிலான நாட்களுக்கு இப்படி வால் நீளும் என்று கூற்றின் அடியில் ஒரு வரி போட்டால் என்ன? சின்னத் தொகைதானே என்று இதைக் கட்டாமல் விடுகிறவருக்கு அடுத்த மாதம் தாமதக் கட்டணமும் சேர்ந்துவிடும்.

கிளையில் முறையிட்டபோது, “மினிமம் கட்டுப்பட்டிருக்குத்தானே, லேட் பீ விழேல்லையே” என்றார் உத்தியோகத்தர். ஆகக்குறைந்த தொகை தாமதக் கட்டணத்தைத் தடுக்கும், கிரிப் எனப்படும் கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையில் தவறியவர் என்று பதியப்படாமல் காக்கும். வட்டியை அது தடுக்காது. ஒரு இலட்சம் நிலுவைக்கு 5,000 கட்டினால் அதில் ஏறத்தாழ 2,167 ரூபா அந்த மாத வட்டிக்கே போகும், கடன் குறைவது 2,833 மட்டும். இதைத் தெரியாதவர் கடனட்டைக் கருமபீடத்தில் இருக்கக்கூடாது.

தொலைபேசியில் பேசியவரோ இன்னொரு படி மேலே போய், நிலுவையை ‘வட்டியில்லாத’ 12 மாதத் தவணைக்கு மாற்றித் தருவதாகவும் அதற்கு 6 வீதக் கட்டணம் மட்டுமே என்றும் சொன்னார். முதல் மாதமே தவணை குறையத் தொடங்குவதால், முன்கூட்டியே எடுக்கும் அந்த 6 வீதம் உண்மையில் ஆண்டுக்கு 11, 12 வீத வட்டிக்குச் சமன். தங்கள் பிழையால் வந்த நிலுவைக்கு என்னிடமே கட்டணம் கேட்பதை நான் எதிர்பார்க்கவில்லை.

எனவே 4,471.40 உம் 292.44 உம் சேர்ந்த 4,763 ரூபா 84 சதத்தை என் அட்டைக் கணக்கில் வரவு வைக்க வேண்டும். மே 15 கூற்றின் 292.44 மீது இனி வட்டியோ தாமதக் கட்டணமோ ஏறக்கூடாது. ஸ்டாண்டிங் ஓடரை 100 வீதமாகத் திருத்தி, திருத்திய திகதியுடன் எழுத்தில் உறுதி தர வேண்டும். தொலைபேசியில் சொல்வது போதாது. கழிப்பு நடந்ததும் வரும் குறுஞ்செய்தியில் கழித்த தொகையுடன் மிச்ச நிலுவையையும் தமிழில் குறிப்பிடுங்கள். அப்படி வந்திருந்தால் ஏப்ரல் 5 அன்றே மிச்சத்தைக் கட்டியிருப்பேன். முந்திய பாக்கி எதுவும் இல்லாததால் வட்டியும் வந்திராது.

14 நாட்களுக்குள் எழுத்துமூலப் பதில் கிடைக்காவிட்டால் இதே ஆவணங்களுடன் இலங்கை மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கும் வங்கிகள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் நிதியியல் ஒம்புட்ஸ்மனுக்கும் முறையிடுவேன். முதலில் வங்கியிடம் கேட்டுவிட்டு வரவேண்டும் என்பது அங்குள்ள நடைமுறை. இந்தக் கடிதம் அதற்கும் சான்றாகும்.

முத்திரையிட்ட படிவப் பிரதி, மார்ச், ஏப்ரல், மே மாதக் கூற்றுகள், ஏப்ரல் 5 அன்றைய சேமிப்புக் கணக்கு மீதி ஆகியவற்றை இணைத்துள்ளேன். அட்டை இலக்கம் கூற்றுகளில் உள்ளது.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
(கையொப்பம்)