அரங்கேற்றத்துக்குப் பிறகு பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

சனிக்கிழமை ராத்திரி நம் பள்ளி மைதானத்தில் நடந்த, கர்ணன் சாவைச் சொல்லும் கர்ண மோட்சம் தெருக்கூத்து அரங்கேற்றத்துக்கு உங்களில் பாதிப் பேருக்கு மேல் வந்திருந்தீர்கள். வராதவர்களில் சிலரும், வந்துவிட்டுப் பாதியில் எழுந்து போன சிலரும் நான்கு நாளாக என் அறைக்கு வந்து போகிறார்கள். தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. எல்லோருக்கும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

"சாவு வீட்டில் ஆடுகிற கூத்தைப் பள்ளிக்கூடத்தில் ஏன் ஆட விட்டீர்கள்?" என்று ஒரு தாத்தா கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. நம் பக்கம் காரியத்துக்கு முந்தின ராத்திரி கர்ண மோட்சம் வைப்பது வழக்கம்தான். நானும் கூத்து வாத்தியாரிடம் இதைத்தான் முதலில் கேட்டேன். திரௌபதி அம்மன் கோயில் பாரதத்திலும் இதே கர்ணன்தானே வருகிறான், அங்கே யாரும் முகம் சுளிப்பதில்லையே என்றார். அப்புறம், புதிதாக உருவாகும் ஒரு ஜமாவை, அதாவது கூத்துக் குழுவை, ஊர்க்காரர்கள் அதிகம் கூப்பிடப்போவது இந்தக் கூத்துக்குத்தான், இது கைவசம் இல்லாவிட்டால் ஜமா நிற்காது என்றும் சொன்னார். எனக்கு அது சரியாகப் பட்டது. ஆறு மாதமாக வேலை முடிந்து வந்து, நம் பள்ளித் தாழ்வாரத்தில் பாட்டும் அடவும் பழகியவர்கள் வேறு யாருமில்லை. நம் பிள்ளைகளின் அப்பாக்கள், சித்தப்பாக்கள், இரண்டு மூன்று பழைய மாணவர்கள்.

மைக் விஷயம். இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம். அதனால் பத்தடித்ததும் ரேடியோ செட்டை நிறுத்தச் சொன்னேன். கூட்டம் கலைந்துவிடும் என்று விழாக் குழுவில் எல்லோரும் பயந்தார்கள், நானும்தான். ஆனால் பின்னால் இருந்தவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். மைக் இல்லாத காலத்தில் உண்டான கூத்து இது. அவ்வளவு உச்சத்தில் பாடுவதே கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான். முகவீணை என்கிற சின்ன ஊதுகுழலும் மிருதங்கமும் அப்போதுதான் எனக்குத் தனித்தனியாகக் கேட்டன. இரண்டு பேர் திரை பிடித்தார்கள். திரைக்குப் பின்னால் சலங்கைச் சத்தம். துணிக்கு மேலே கிரீடத்தின் நுனி மட்டும் ஆடுகிறது. ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி என் பக்கத்தில் உட்கார்ந்து, அரிதாரம் பூசிய முகங்களில் தன் அப்பாவைத் தேடிக்கொண்டிருந்தாள். திரை விலகியும் அவளுக்குத் தெரியவில்லை. கர்ணன் வாயைத் திறந்து பாடிய பிறகுதான் "எங்கப்பா!" என்று கத்தினாள்.

பத்தரைக்கே கிளம்பியவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் பார்த்தது கூத்தைத் தொடங்கிவைத்துக் கேலி பேசும் கட்டியக்காரனையும் வேஷங்கள் வந்து நின்றதையும்தான். கர்ணன் மனைவி பொன்னுருவியின் சண்டை நள்ளிரவுக்கு மேல்தான் வரும். தேரோட்டி மகனுக்கு வாழ்க்கைப்பட்டேனே என்று அவள் கணவனை இகழ்கிறாள். அவன் பிறப்பு தெரிய வரும்போது அவன் போருக்குப் புறப்பட்டு நிற்கிறான். எனக்கு ஐம்பத்தாறு வயதாகிறது. சிறுமியாக இருந்தபோது திரை விலகியதும் அம்மா என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். அதனால் அந்தக் கட்டத்தைப் போன சனிக்கிழமைதான் முதல்முறையாகப் பார்த்தேன். பொன்னுருவி வேஷம் கட்டியவர் ஆட்டோ ஓட்டுகிறவர் என்பது ஐந்து நிமிடத்தில் மறந்துபோனது.

கட்டியக்காரன் பேச்சைப் பற்றி வந்த புகார் நியாயமானது. இரண்டு மூன்று இடங்களில் எனக்கே தலை குனிய வேண்டியிருந்தது. கட்டியக்காரன் என்றால் கொஞ்சம் அப்படி இப்படித்தான் பேசுவான், அதற்காக அவனையே எடுத்துவிட முடியாது. ஊர் ரோட்டையும் தண்ணீர் வராத குழாயையும் வைத்து அவர் அடித்த கேலிக்குத்தான் சிரிப்பு அதிகம் வந்தது. அடுத்த முறை அந்தப் பக்கமே போகும்படி வாத்தியாரிடம் சொல்லியிருக்கிறேன்.

பிள்ளைகளின் தூக்கம் கெடுகிறது என்பதற்காகத்தான் சனிக்கிழமை வைத்தோம். ஞாயிறு முழுக்கத் தூங்கட்டும் என்று திங்கட்கிழமை வைத்திருந்த தேர்வையும் புதன்கிழமைக்கு மாற்றினேன். திங்கட்கிழமையும் வகுப்பில் தூங்கிய இரண்டு பேர் கூத்தால் தூங்கவில்லை, செல்போனால் தூங்கினார்கள். அது எனக்கும் தெரியும், அவர்கள் வீட்டுக்கும் தெரியும். கர்ணன் வேஷம் கட்டியவர் விடிந்ததும், வேஷத்துக்குக் கட்டும் மர அணியான கட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, காதோரத்தில் அரிதாரம் போகாமலேயே, முள்ளுக் கத்திரிக்காய் மூட்டையோடு வேலூர் மார்க்கெட்டுக்கு வண்டி ஏறினார்.

ஒன்பதாம் வகுப்பு மாணவிகள் மூன்று பேர் தாங்களும் பழக வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பெண் வேஷத்தையும் ஆண்களே கட்டுவதுதான் பழைய வழக்கம். ஆனால் காஞ்சிபுரத்துப் பக்கம் புஞ்சரசந்தாங்கல் கட்டைக்கூத்து குருகுலத்தில் பெண் பிள்ளைகள் பழகி, விடிய விடிய ஆடியிருக்கிறார்கள். கூத்துக்குப் பேர்போன, செய்யாறு பக்கத்துப் புரிசையும் நமக்குத் தூரமில்லை. 1989 வரை அதுவும் நாமும் ஒரே வடாற்காடு மாவட்டம்தானே. மூன்று பெண்களின் பெற்றோரும் வெள்ளிக்கிழமை மாலை என்னை வந்து பார்க்க வேண்டும். வேண்டாம் என்று சொல்வதாக இருந்தாலும் வந்து சொல்லுங்கள். பழகும் நேரம் மாலை ஐந்து முதல் ஆறரை வரை. நானும் ஓர் ஆசிரியையும் கூடவே இருப்போம்.

கடைசியாக ஒன்று. கர்ணனுடைய இடது புஜக்கட்டையைக் காணவில்லை. இலேசான மரம், மேலே சிவப்புக் காகிதமும் கண்ணாடிச் சில்லும் ஒட்டியிருக்கும். வேறொரு ஜமாவிடமிருந்து வாடகைக்கு வாங்கியது. ஞாயிற்றுக்கிழமைக்குள் திருப்பித் தர வேண்டும். உங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் இருந்தால் பிள்ளையைத் திட்டாமல் கொடுத்தனுப்புங்கள். யார் கொண்டுவந்தது என்று நான் கேட்க மாட்டேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்