பீக்வாட் மக்களின் பெயர்க் காரணம்: தமிழில் கலைக்களஞ்சியக் கட்டுரை எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கட்டுரையாளர்களுக்கும் பதிப்பாசிரியர்களுக்கும் வணக்கம்.

அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தின் தென்கிழக்குக் கரையோரத்தைத் தாயகமாகக் கொண்ட பழங்குடியினரான பீக்வாட் மக்களைப் பற்றி எழுதும்போது, ‘பீக்வாட் என்றால் அழிப்பவர்கள் என்று பொருள்’ என்னும் வரியை ஐயத்துக்கு இடமில்லாத செய்தியாக வைத்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

அல்கோன்குவியன் மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த அச்சொல்லின் பொருள் குறித்து அறிஞர்களிடையே ஒத்த கருத்து இல்லை. ‘அழிப்பவர்கள்’ என்பது நெடுங்காலமாக எடுத்தாளப்பட்டு வரும் விளக்கம். ஆனால், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மொஹீகன்–பீக்வாட் மொழியை ஆராய்ந்த மானிடவியலாளர் ஃபிராங்க் ஸ்பெக், நீர்நிலையின் ஆழமின்மையைக் குறிக்கும் ஒரு சொல்லே இப்பெயரின் மூலமாக இருக்க வாய்ப்பு மிகுதி என்று கருதினார். லாங் ஐலண்ட் சவுண்ட் கடற்பகுதியின் ஓரத்தில் மீனும் சிப்பியும் எடுத்து, மக்காச்சோளம் பயிரிட்டு வாழ்ந்த மக்களுக்கு இவ்விளக்கம் நன்றாகப் பொருந்துகிறது என்பதே என் எண்ணம்; ஆயினும் இதையும் முடிந்த முடிபாக எழுதும்படி நான் கேட்கவில்லை.

முதல் விளக்கத்துக்குத் துணையாக வரும் கதையையும் நீங்கள் கவனிக்க வேண்டும். இவர்கள் உள்நாட்டிலிருந்து படையெடுத்து வந்து கரையோரத்தைப் பறித்துக்கொண்ட கொடியவர்கள் என்று பாதிரியார் வில்லியம் ஹப்பர்டு 1677இல் எழுதினார். ஆங்கிலேயக் குடியேறிகள் பீக்வாட்டுகளோடு நடத்திய போர் முடிந்து ஏறத்தாழ 40 ஆண்டுகளுக்குப் பின், வென்றவர் தரப்பில் எழுதப்பட்டது அது. அவர்கள் நெடுங்காலமாக அதே மண்ணில் வாழ்ந்தவர்கள் என்பதையே பிற்காலத் தொல்லியல், மொழியியல் ஆய்வுகள் காட்டுகின்றன.

அந்தப் போரில் நடந்ததையும் சொல்ல வேண்டும். 1637 மே 26 அன்று விடியலில், கேப்டன் ஜான் மேசனும் ஜான் அண்டர்ஹில்லும் தலைமை தாங்கிய ஆங்கிலேயப் படை, மொஹீகன், நாரகன்செட் என்னும் அண்டைப் பழங்குடித் துணைவர்களோடு, மிஸ்டிக் என்னும் இடத்தில் மரத்தூண் வேலி சூழ்ந்த பீக்வாட் ஊரைத் தாக்கியது. மேசன் ஒரு குடிலுக்குள் இருந்த கொள்ளிக்கட்டையை எடுத்து, குடிலைப் போர்த்தியிருந்த பாயிலேயே தீ வைத்தார். வேலிக்கு வெளியே ஓடி வந்தவர்களைச் சுற்றி நின்ற படை கொன்றது. அறுநூறு எழுநூறு பேர் மாண்டனர் என்று மேசனே எழுதி வைத்திருக்கிறார்; நானூறு என்போரும் உண்டு. இறந்தோரில் பெண்களும் குழந்தைகளும் முதியோரும் ஏராளம். இது மிகவும் கொடிய போர்முறை, அளவுக்கு மீறி ஆட்களைக் கொல்கிறது என்று உடன் வந்த நாரகன்செட்டுகளே முறையிட்டதை அண்டர்ஹில் பதிவு செய்திருக்கிறார். அழித்தவர் யார், அழிந்தவர் யார் என்பதற்கு அழித்தவர்களின் எழுத்தே சான்றாக இருக்கிறது.

அடுத்த ஆண்டு கையெழுத்தான ஹார்ட்ஃபோர்டு உடன்படிக்கை, எஞ்சியோரை மொஹீகன்களுக்கும் நாரகன்செட்டுகளுக்கும் பங்கிட்டுக் கொடுத்து, இனி எவரும் பீக்வாட் என்று அழைக்கப்படக் கூடாது என்று விதித்தது. பீக்வாட் ஆறு தேம்ஸ் ஆயிற்று. பீக்வாட் என்ற ஊர் 1658இல் நியூ லண்டன் ஆயிற்று. அந்தத் தடையையும் மீறி அந்த மக்கள் காப்பாற்றி வைத்திருக்கும் பெயருக்குத்தான் நாம் ஒரே வரியில் பொருள் எழுதிவிடுகிறோம்.

அவர்கள் அழிந்துவிடவில்லை. 1666இல் ஒதுக்கப்பட்ட நிலத்தை விடாமல் பிடித்திருந்த மஷன்டக்கெட் பீக்வாட்டுகள் 1983இல் அமெரிக்கக் கூட்டரசின் ஏற்பை, அதாவது தனிப் பழங்குடி என்ற சட்ட அங்கீகாரத்தைப் பெற்றனர். 1998இல் தங்கள் வரலாற்றுக்கெனப் பெரிய அருங்காட்சியகம் திறந்தனர். மற்றொரு பிரிவினரான கிழக்குப் பீக்வாட்டுகளுக்கு 2002இல் அளிக்கப்பட்ட ஏற்பு 2005இல் திரும்பப் பெறப்பட்டது.

ஆகவே பெயர்க் காரணத்தை எழுதும்போது இரு விளக்கங்களையும், அவை யாரிடமிருந்து வந்தவை என்ற குறிப்போடு தாருங்கள். ‘வாழ்ந்தனர்’ என்று முடியும் வாக்கியங்களை ‘வாழ்கின்றனர்’ என்று திருத்துங்கள். ஏற்கெனவே வெளிவந்த கட்டுரைகளிலும் இத்திருத்தங்களைச் செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கட்டுரைகளைத் தொடர்ந்து படிக்கும் வாசகர்